ஊற்று நீர் தேடி இராமகிரிக்கு

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பங்கள் கண்டு வரும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. குலதெய்வக் கோயில், திருப்பதி மலை, சென்னைக் கடற்கரை, உறவினர் இல்லங்கள், தியாகராய நகர்க் கடைவீதி என்று அவ்வரிசை ஆண்டுதோறும் மாறாமல் தொடரும். குடிநீர் எடுப்பதற்காக ஒரு பயணம் என்றால் கேட்பவர் நகைப்பர். குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் ஊர்களில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கோ அது விளங்காத புதிர். ஆயினும் இம்முறை நாங்கள் மேற்கொண்ட பயணங்களுள் நெஞ்சில் நிலைத்து நிற்பது, சத்தியவேட்டிலிருந்து இராமகிரிக்குச் சென்று ஊற்று நீர் கொணர்ந்த ஒரு நாள் பயணமே ஆகும். அதனை இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சத்தியவேடு

சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திரப் பிரதேசத்தின் எல்லையோரத்தில் அமைந்த ஊர் சத்தியவேடு. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் செல்லலாம்; கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையில் திரும்பியும் செல்லலாம். எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கே வாழ்கின்றனர்.

இவ்வட்டாரம் முன்னாளில் சென்னை மாகாணத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953ஆம் ஆண்டு ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தபின் எல்லை பற்றிய வழக்கு எழுந்தது. படாஸ்கர் அளித்த தீர்ப்பைத் தழுவி 1959ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி இப்பக்கம் வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த பல சிற்றூர்கள் அப்பக்கம் சென்றன. அவ்வாறு சென்ற பகுதியே சத்தியவேடு. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அது, 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

நாம் ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள். இவ்வூராரோ இருந்த இடத்திலேயே இருந்தனர். மாநிலம் அவர்களை விட்டுப் பெயர்ந்தது. பெரியப்பா திண்ணையில் அமர்ந்து தமிழ் நாளிதழ் படிக்கிறார். பேரன் அருகில் அமர்ந்து தெலுங்கில் வீட்டுப்பாடம் எழுதுகிறான். இருவருக்கும் இரு மொழியும் தெரியும். சந்தையில் கத்தரிக்காயின் விலையைத் தெலுங்கில் கேட்டுத் தமிழில் பேரம் பேசுவதை அங்கே எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. 2008ஆம் ஆண்டில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் அருகே தொடங்கியபின், பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி இங்கே வருகின்றனர். நம்மைப் போன்று பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களை நம் உறவினரின் ஊரிலேயே கண்டபோது எங்களுக்கு இனம் புரியாத ஓர் ஒட்டுறவு தோன்றியது.

பருப்பு வேகும் தண்ணீர்

பெரியப்பா வீட்டில் மூவகை நீர் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் பயன்படும். இருபது லிட்டர் கேனில் விலைக்கு வரும் நீர் குடிப்பதற்கு உரியது. மூன்றாவது, சமையலறை மூலையில் மூடி போட்ட பித்தளைத் தவலையில் இருக்கும் 'மலைத் தண்ணீர்'. அதனைப் பெரியம்மா பருப்பு வேகவைக்கவும், காப்பிக்கும், பூசைக்கும் மட்டுமே எடுப்பார்.

"கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க வைத்தாலும் பருப்பு மலராது. மலைத் தண்ணீரில் போட்டுப் பார், ஒரு கொதியில் குழையும்" என்பது பெரியம்மாவின் முடிவு.

இதில் மிகை இருப்பினும் பொய் இல்லை. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். அவை பருப்பின் தோலிலும் உள்ளணுக்களின் சுவரிலும் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளோடு கலந்து அதனை இறுகச் செய்யும். ஆகவே பருப்பு எளிதில் மசியாது. மென்னீரில் அத்தடை இல்லை. வேதியியல் நூலைத் தொட்டறியாத எத்தனையோ தாய்மார் அடுப்பின் முன் நின்றே இவ்வுண்மையைக் கண்டறிந்துள்ளனர்.

தவலை காலியாகும் நிலையில் இருந்தது. தேய்பிறை அட்டமி நாளும் நெருங்கி வந்தது. இராமகிரிக் காலபைரவரை வழிபட அந்நாளில் பலர் செல்வர். வழிபாடும் ஆகும், தண்ணீரும் ஆகும் என்று பெரியம்மா கூற, தவலை, இரண்டு கேன்கள், ஒரு செம்பு, வடிகட்டுவதற்கு வெள்ளைத் துணி ஆகியவற்றோடு வண்டியில் ஏறினோம். அது தை மாதத்துக் காலைப் பொழுது.

எல்லைக் கோட்டின் இருபுறமும்

சத்தியவேட்டிலிருந்து நாங்கள் சென்ற வழி ஊத்துக்கோட்டையைத் தொட்டுச் செல்வது. ஊத்துக்கோட்டை தமிழ்நாட்டில் உள்ளது. அதனைக் கடந்ததும் மீண்டும் ஆந்திரம். ஒரு தவலை நீருக்காக மாநில எல்லையை இருமுறை கடந்தோம். கடைப் பலகைகளில் எழுத்து மாறி, மறுபடியும் மாறுவதைக் குழந்தைகள் ஆர்வத்துடன் எண்ணிக்கொண்டு வந்தனர். சொற்கள் அவ்வளவு மாறவில்லை. நாம் நீர் என்பதை அவர்கள் நீள்ளு என்கின்றனர்; நாம் ஊற்று என்பதை ஊட்ட என்கின்றனர். ஒரே வேரின் இரு கிளைகள்.

இவ்வட்டாரத்தின் வழியே மற்றொரு நீரும் செல்கிறது. 1983 ஏப்ரல் 18ஆம் நாள் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கிருஷ்ணை நீர் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்குக் கால்வாய் வழியே வருகிறது. ஆந்திரத்தில் 152 கிலோமீட்டர் ஓடி, ஊத்துக்கோட்டைக்கு அருகே எல்லையைக் கடந்து, தமிழ்நாட்டில் மேலும் 25 கிலோமீட்டர் சென்று பூண்டியை அடைவது அக்கால்வாய். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. நீர் தருவது உடன்பாடு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. முதன்முதலாக நீர் வந்து சேர்ந்தது 1996ஆம் ஆண்டில். கையெழுத்துக்கும் நீருக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. சென்னையில் நம் உறவினர் வீட்டுக் குழாயில் வரும் நீரில் ஒரு பங்கு இவ்வழியே வந்ததாக இருக்கக் கூடும்.

ஊத்துக்கோட்டையை அடுத்து, ஆரணியாற்றின் கரையில் சுருட்டப்பள்ளி இருக்கிறது. நஞ்சுண்ட பெருமான் களைப்பால் அம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தை அங்கே காணலாம். சிவபெருமானைப் பள்ளிகொண்ட நிலையில் காண்பது அரிதாதலின், தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அக்கோயிலின் அருகே ஓடும் ஆரணியாறு ஆந்திர மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கமாக ஓடிப் பழவேற்காட்டுக்கு அருகே கடலோடு கலக்கிறது. 1960இல் வரைந்த கோடு மனிதருக்கு எல்லையாயிற்று, ஆற்றுக்கு ஆகவில்லை. மேல்மலையில் பெய்யும் மழை குறைந்தால் இரு மாநிலத்துக் கிணறுகளும் ஒருங்கே தாழும்.

நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாளைத் தொழுதோம். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் நினைவாக ஏற்படுத்திய ஊர் என்பது வழக்கு. அங்கிருந்து பார்த்தால் மலைகள் நெருங்கிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தமையால் சரிவுகள் பசுமையாக இருந்தன. பிச்சாட்டூர்ச் சாலையிலிருந்து சற்றே விலகி உள்ளே சென்றால் இராமகிரி.

நந்தியின் வாயில்

குன்றின் அடிவாரத்தில் கோயில். கோயிலின் முன் தீர்த்தக்குளம். குளத்துக்கு நீர் தருவது ஒரு கல் நந்தி. அந்நந்தியின் வாயிலிருந்து நீர் இடைவிடாது விழுந்துகொண்டே இருக்கிறது. ஆரவாரமில்லை, அருவியின் பெருமிதமில்லை. இரவும் பகலும் ஒரே சீராக விழும் அந்த ஒலி, கோயில் மணியோசை அடங்கியபின் நன்கு கேட்கிறது.

இங்கே மூலவர் வாலீசுவரர். இத்தலத்தின் கதையே தாகத்தில்தான் தொடங்குகிறது. இராமேசுவரத்தில் இராமபிரான் வழிபடுவதற்காகக் காசியிலிருந்து அனுமன் சிவலிங்கம் ஏந்தி வந்தானாம். இவ்விடம் வந்தபோது அவனைக் கடுந்தாகம் வாட்டியது. எதிர்ப்பட்ட சிறுவன் ஒருவனிடம் லிங்கத்தைக் கொடுத்துவிட்டு நீர் பருகச் சென்றான். சிறுவனாக வந்தவர் பைரவர். அவர் லிங்கத்தைத் தரையில் வைத்துவிட, அது வேரூன்றி நின்றது. திரும்பி வந்த அனுமன் வாலால் சுற்றி இழுத்தும் அசையவில்லை. அதனால் வாலீசுவரர் என்ற பெயர் ஏற்பட்டது என்பர். திருக்காளத்திக்குச் செல்லும் வழியில் நாவுக்கரசர் வணங்கியதாகப் பெரியபுராணம் கூறும் திருக்காரிக்கரை இத்தலமே என்றும் கூறுவர். அவ்வாறாயின், பதின்மூன்று நூற்றாண்டுகளாக வழிநடையினர் தாகம் தீர்த்த இடம் இது.

நாங்கள் சென்றபோது நீர் எடுக்கச் சிறு வரிசை நின்றது. பள்ளி மாணவர் சிலர், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், லாரி ஓட்டுநர் ஒருவர், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர். வரிசைக்கு என எழுதிவைத்த விதி எதுவும் கண்ணில் படவில்லை. ஆயினும் விதிகள் இருந்தன. கேனோடு வந்தவர், செம்போடு வந்தவருக்கு வழிவிட்டார். குடிக்க மட்டும் வந்தவர் முன்னே சென்றார். எவரும் நந்தியின் வாயில் வாய் வைக்கவில்லை. கையைக் குவித்தே பருகினர்.

எங்கள் மகன் தன் பாட்டிலைக் கழுவுவதற்காக நீரின் கீழ் நீட்டினான். முன்னே நின்ற மூதாட்டி திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கழுவப்பா. கழுவின தண்ணீர் குளத்தில் விழக்கூடாது" என்றார். "சரி, ஆயா" என்று அவன் ஒதுங்கிச் சென்றான்.

எங்கள் மகளுக்கு வேறோர் ஐயம். "ஆயா, இந்தத் தண்ணீருக்கு யாரிடம் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டாள். வரிசை முழுவதும் சிரித்தது. "பணமா? இந்தக் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட ஒரு கை கொடு, பாப்பா; அது போதும்" என்றார் மூதாட்டி. மகள் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நிறைகுடத்தைத் தூக்கிவிட்டாள். நீரின் எடையை அவள் அன்றுதான் அறிந்தாள்.

இவ்வரிசையில் யாரும் யாரையும் 'நீ எந்தத் தெரு' என்று கேட்கவில்லை. இது சிறு செய்தி அன்று. பொதுநீரைத் தொடுவதற்கே போராட வேண்டியிருந்த நாடு நம்முடையது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று, மகாராட்டிரத்து மகாட் என்னும் ஊரின் சவுதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகினார். பின்னர் நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதில் சாதி மத வேற்றுமை கூடாது என்று விதித்தது. சட்டம் வந்தபின்னும் எல்லா ஊரிலும் எல்லாக் கிணறும் உடனே திறந்துவிடவில்லை என்பதை நம் முதியோர் அறிவர். ஆகையால் ஓர் ஊற்றின் முன் அமைதியாக நகரும் வரிசையைக் காணும்போது, அதனைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுதல் நம் கடமையாகும்.

மலை தரும் நீர் எங்கிருந்து வருகிறது?

நந்தியின் வாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாது என்று வரிசையில் நின்ற ஒருவர் பெருமையுடன் கூறினார். அந்த வியப்பைக் குலைக்க நாங்கள் விரும்பவில்லை. எனினும் இம்மலைகளில் ஊற்றுகள் பிறக்கும் முறையை நிலவியலார் விளக்கியுள்ளனர். அதனை அறிந்தால் வியப்பு வளருமேயன்றிக் குறையாது.

நகரி மலைத்தொடரின் மேற்பகுதி குவார்ட்சைட்டு என்னும் கடும்பாறையால் ஆனது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மணல், அழுத்தத்தால் இறுகி உருவான பாறை அது. பாறை கடினமாயினும் அதில் வெடிப்புகளும் பிளவுகளும் மிகுதி. அதன் அடியில் இருப்பது பழமையான கருங்கல். மழைநீர் மேற்பாறையின் பிளவுகளில் இறங்கும்; நீர் எளிதில் ஊடுருவ முடியாத கருங்கல்லை எட்டியதும் கீழே செல்ல வழியின்றிப் பக்கவாட்டில் நகரும்; மலைச்சரிவு அதனை வெட்டும் இடத்தில் ஊற்றாக வெளிப்படும். மழை பெய்யும் நாள்கள் சில. பிளவுகளின் வழியே நீர் கசிந்து வரும் நாள்கள் பல. அதனால்தான் வானம் வறண்ட மாதங்களிலும் ஊற்று பேசுகிறது.

குவார்ட்சைட்டு நீரில் எளிதில் கரையாது. ஆதலால் அதன் வழியே வரும் நீரில் உப்புகள் பொதுவாகக் குறைவு. பெரியம்மாவின் பருப்பு குழைவதற்குக் காரணம் இம்மலையின் கல்லில் இருக்கிறது. பாறையின் உள்ளே வெயில் புகாமையால் ஊற்று நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். கோடையில் குளிர்ந்தும், மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவது அதனால்தான்.

சத்தியவேட்டுக்கும் நிலவியல் நூல்களில் ஓர் இடம் உண்டு. 1863ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், இப்பகுதியின் பாறைகளையும் ஆராய்ந்தார். கூழாங்கற்கள் பதிந்த மணற்கல் அடுக்குகளுக்கு இவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை அவை. ஊரின் பெயர் தமிழகத்துப் பட்டியலிலிருந்து ஆந்திரத்துப் பட்டியலுக்கு மாறியது. கல்லின் பெயர் மாறவில்லை.

காய்ச்சுவதா, காய்ச்சாமலிருப்பதா?

மாலையில் தவலை நிறைய நீரோடு வீடு திரும்பினோம். வீட்டில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பெரியம்மாவின் பேரக்குழந்தைக்கு அப்போது பத்து மாதம். அக்குழந்தைக்கு ஒரு கரண்டி மலைத் தண்ணீர் புகட்ட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. மருமகள் செவிலியர், காய்ச்சாமல் ஒரு துளியும் தரமாட்டேன் என்றார்.

"காய்ச்சினால் தீர்த்தம் தீர்த்தமாகவா இருக்கும்? என் பிள்ளைகள் எல்லாரும் இதைக் குடித்துத்தானே வளர்ந்தார்கள்?" என்று பெரியம்மா மனம் நொந்தார்.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. "மலை தருகிற நீரைக் குறை சொல்லவில்லை, அத்தை. மலைக்கும் நம் தவலைக்கும் நடுவே எத்தனை கைகள், எத்தனை பாத்திரங்கள்! அவற்றுக்காகத்தான் காய்ச்சுகிறேன்" என்றார்.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆயினும் குழந்தையின் உடல் பற்றிய வழக்கில் மருமகளின் பக்கமே தீர்ப்பு அமைய வேண்டும். தெளிவான நீர் தூய நீர் ஆகாது. நோய்க்கிருமிக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. மலைச்சரிவில் கால்நடையும் காட்டு விலங்கும் திரிகின்றன; பெருமழைக்குப் பின் மேற்பரப்பு நீர் பிளவுகளில் விரைந்து இறங்கி ஊற்றோடு கலந்துவிடக் கூடும். குடிநீருக்கான இந்தியத் தர விதி, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ-கோலை என்னும் குடற்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்கிறது. அதனைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது.

இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிராடு தெருவைச் சுற்றி வாந்திபேதி பரவி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அத்தெருவின் அடிகுழாய் நீரே காரணம் என்று மருத்துவர் சான் சுநோ ஆராய்ந்து காட்டினார். அவர் கண்ட சான்றுகளுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. அப்பகுதியில் முன்பு வாழ்ந்து, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாட்டி, பழகிய குழாய் நீரின் சுவையை மறக்க இயலாமல், நாள்தோறும் அதனை வருவித்துப் பருகி வந்தார். அவர் வாழ்ந்த இடத்தில் நோயே இல்லை. அவர் மட்டும் அந்நீரைப் பருகி மாண்டார்; அவரைக் காண வந்து அந்நீரை அருந்திய உறவுப் பெண்ணும் மாண்டார். பிறந்த மண்ணின் சுவைக்கு ஏங்கும் நம் போன்றோர் இதனை நினைவில் வைத்தல் நலம். அன்பு வேறு, ஆய்ந்து பருகுதல் வேறு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இறுதியில் பெரியம்மாவே வழி கண்டார். ஒரு செம்பு நீரை எடுத்துப் பூசையறையில் வைத்தார். குடிப்பதற்குரிய எஞ்சிய நீரை வெள்ளைத் துணியில் வடித்துக் காய்ச்சச் சொன்னார். ஆறியபின் முதற்கரண்டியைக் குழந்தைக்குத் தம் கையாலேயே புகட்டினார். மறுநாள் நண்பகலில் அத்தண்ணீரில் வெந்த துவரம் பருப்பு, நெய், சுடுசோறு. பருப்பு உண்மையிலேயே மலர்ந்திருந்தது.

ஊற்று நிலைக்குமா?

எங்கள் மகன் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் விடை தேடுகிறது: "இத்தனை பேர் எடுத்தும் தீராதா?"

எடுப்பதால் மட்டும் ஊற்று தீர்வதில்லை. ஊறுவது நின்றால்தான் தீரும். 2018ஆம் ஆண்டில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்தியாவில் ஐம்பது இலட்சம் ஊற்றுகள் இருக்கலாம் என்றும், அவற்றுள் முப்பது இலட்சம் இமயமலைப் பகுதியில் உள்ளன என்றும் மதிப்பிட்டது. அம்மலைப் பகுதியில் வற்றாத ஊற்றுகளுள் ஏறத்தாழப் பாதி வற்றிவிட்டன, அல்லது பருவ ஊற்றுகளாகச் சுருங்கிவிட்டன என்றும் அது எச்சரித்தது. காடு அழிதல், மலையை வெட்டிச் சாலையும் கட்டடமும் அமைத்தல், மழை பெய்யும் முறை மாறுதல் ஆகியவை காரணங்களாகும்.

அதே இமயத்தில் நம்பிக்கை தரும் முயற்சியும் உண்டு. சிக்கிம் அரசு 2008ஆம் ஆண்டில் 'தாரா விகாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஊற்று வெளிப்படும் இடத்தில் தொட்டி கட்டுவதோடு நின்றுவிடாமல், அதற்கு நீர் ஊட்டும் மேற்சரிவைக் கண்டறிந்து, அங்கே சிறு சிறு பள்ளங்களும் வரப்புகளும் வெட்டி, மழைநீரைத் தேங்கச் செய்து மண்ணுக்குள் இறக்கினர். குன்றிய ஊற்றுகள் பல மீண்டும் பெருகின. ஊற்றைக் காக்க விரும்புவோர் ஊற்றை மட்டும் பார்த்தால் போதாது. தலையை நிமிர்த்தி மலையைப் பார்க்க வேண்டும்.

சத்தியவேடு வட்டாரத்து மலைகளுக்கும் இது பொருந்தும். நாராயணவனத்துக்கு அருகிலுள்ள கைலாசகோனா வற்றாத அருவி. வரதையபாளையம் பக்கத்து உப்பலமடுகு அருவி சென்னை இளைஞர் கூடும் இடம். கோனை என்றால் தெலுங்கில் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. மக்கள் திரளும் இடங்களில் எல்லாம் நெகிழிப் பையும் காலிப் பாட்டிலும் திரள்கின்றன. தூய நீரைத் தேடி வருபவர், விலைக்கு வாங்கிய நீரின் பாட்டிலை அங்கேயே எறிந்துவிட்டுச் செல்வதைவிட முரணான செயல் வேறு இருக்க முடியாது.

அடுத்த விடுமுறையில் அப்பக்கம் செல்லும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள் தருகிறோம். மழைக்காலம் ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில் செல்வது நன்று. அட்டமி நாள்களில் இராமகிரியில் கூட்டம் மிகும். நீர் மட்டும் வேண்டுவோர் பிற நாளில் செல்லலாம். உப்பலமடுகுவின் மடுக்களில் உயிரிழந்தோர் உண்டு. பிள்ளைகளை ஆழமறியாத நீரில் இறங்கவிட வேண்டா. நீர் எடுக்கும் பாத்திரத்தை வீட்டிலேயே கழுவிக் கொண்டுசெல்லுங்கள். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும், கிருமியைக் கொல்லாது. ஆகவே நன்கு கொதி வந்தபின்னும் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, கைப்பிடியுள்ள அகப்பையால் எடுத்துப் பருகுங்கள். காய்ச்சுவதால் உப்புகளும் இரசாயனங்களும் நீங்கா. எனவே நெடுநாள் பயன்படுத்தும் நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஆந்திரத்தில் ஊரகக் குடிநீர்த் துறையின் கூடங்கள் உள்ளன.

நம்மில் பலருடைய சொந்த ஊரிலும் ஒரு சுனையோ, ஊற்றுக்கேணியோ, மலையடிவாரத்து வாய்க்காலோ இருந்திருக்கும். அது இன்று எந்நிலையில் இருக்கிறது என்று ஊரில் உள்ளோரைக் கேளுங்கள். நீர் வருகிறதா, மேற்சரிவில் மரம் இருக்கிறதா, யாவரும் தடையின்றி எடுக்கின்றனரா என்ற மூன்று கேள்விகள் போதும். கிடைத்த விடையை எழுதி இவ்விதழுக்கு அனுப்புங்கள். ஊர் தோறும் ஒரு குறிப்புச் சேர்ந்தால், தூர் வாரவோ, மரம் நடவோ, நீரைச் சோதிக்கவோ நம் சங்கத்தார் எங்கே கைகொடுக்க இயலும் என்பது விளங்கும்.